இருபதில் ஒரு பங்குக் காடு

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அலமாரிக் காட்டதிகாரி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இவர் காட்டுக்குள் ஒரு நாளும் போனதில்லை. போகவும் மாட்டார், அங்கே அட்டை கடிக்கும். ஆனால் இவர் வீட்டு முன்னறையில், மற்றவர்கள் டிவி வைத்திருக்கும் இடத்தில், ஐந்து தட்டுக் கண்ணாடி அலமாரி ஒன்று நிற்கும். அதற்குள் காண்டாமிருகம் முதல் கீரிப்பிள்ளை வரை நூற்றுச் சொச்சம் விலங்குகள், தோல் மடிப்பும் தசை முறுக்கும் கண்ணோரத்து ஈரமும் அச்சு அசலாக, தூசு தும்பு படாமல், ஒன்றையொன்று தின்னாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். அவற்றைப் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். அதைவிட மோசம். விளக்குவார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. வீட்டுக்குப் போனால் உங்களுக்கு ஒரு நாற்காலிதான் காலியாக இருக்கும். மற்றவற்றில் பழைய செய்தித்தாள் அடுக்கியிருக்கும். காலியான நாற்காலி அலமாரியைப் பார்த்துப் போட்டிருக்கும். தற்செயலா? இருக்கலாம். நீங்கள் உட்கார்ந்ததும் அவர் பேசாமல் எதிரே நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மரியாதைக்காக நீங்களே ஏதாவது சொல்ல வேண்டிவரும். புள்ளி போட்ட ஒன்றைக் காட்டி, "அட, புலி நல்லா இருக்கே" என்பீர்கள். போயிற்று. ரத்தப் பரிசோதனை முடிவை நோயாளியிடம் சொல்லும் டாக்டரைப்போல, மெல்லிய குரலில், "சிறுத்தை" என்பார். பிறகு சிறுத்தைக்கும் சிவிங்கிப்புலிக்கும் உள்ள வேறுபாடு வரும். நீங்கள் சிவிங்கிப்புலியைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது உண்மைதான். கேட்பீர்கள் என்று காத்திருந்தால் அவர் எப்போது சொல்வது?

நாம் பார்க்கப்போகிறவர் தொழிலால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடைத்தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை, ஆளை உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்பது அவர் வேலை. இருபத்தேழு ஆண்டுகளாக ஊரில் பாதிப்பேரின் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்த்திருக்கிறார். ஒருவர் முகமும் நினைவில் இல்லை. ஆனால் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாங்கிவந்த ஆட்டின் கண்மணி நினைவில் இருக்கிறது. அது வட்டமாக இருந்தது. ஆட்டின் கண்மணி படுக்கைக்கோடாக அல்லவா இருக்க வேண்டும்? அன்றே பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்தார். "நாலு காலும் சரியாத்தானே சார் இருக்கு" என்று கடைக்காரர் கேட்டுப் பார்த்தார். பயனில்லை.

அவருடைய காட்டில் ஒரே ஒரு சட்டம்தான். எந்த விலங்கும் உண்மையான அளவில் இருபதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கண்டம் கண்டமாகத் தட்டுகளைப் பிரித்து, தின்பது தின்னப்படுவதை நேருக்கு நேர் பார்க்காதபடி முகம் திருப்பி வைத்திருப்பார். கேட்டால் அடுக்கும் முறை என்பார். மான்மேல் அவருக்கு இரக்கம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை அலமாரியைத் துடைத்த இடத்தில் மான் ஒன்று கண்டம் மாறி வரிக்குதிரைக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. கடையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசற்படியில் நின்றபடி, "யார் தொட்டது?" என்றார்.

துடைத்தது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸ், அக்கம்பக்கத்தில் நர்ஸம்மா. எட்டு மணி நேரம் முப்பது கட்டிலின் முனகலைக் கேட்டுவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால், இங்கே கண்ணாடிக்காரர் ஆரம்பிப்பார்: ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தெலும்பு நமக்கு இருப்பதுபோல ஏழுதான், ஒகாபி தன் நாக்கால் தன் காதையே நக்கிக்கொள்ளும், டேபிருக்கு முன்காலில் விரல் நான்கு, பின்காலில் மூன்று. நர்ஸம்மா பிசைந்துகொண்டே சரியான இடைவெளியில் "அப்படியா" என்பார். இருபத்தைந்து ஆண்டுகளாக, நாளொன்றுக்கு ஏழெட்டு அப்படியா. அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்கிறார் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியதில்லை. மின்விசிறிச் சத்தம்போல அது வீட்டோடு வந்தது என்றே நினைத்திருந்தார்.

இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. நர்ஸம்மா வார்டில் லீவு சொல்லி, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், பெரிய கடை ஒன்றில் நுழைந்து, கைப்பையிலிருந்த ஆஸ்பத்திரி அளவு நாடாவை எடுத்து யானைகளை வரிசையாக அளந்து, இருபதில் ஒரு பங்குக்குக் கச்சிதமாகப் பொருந்திய ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். கவனியுங்கள்: அளவு அவருக்கு மனப்பாடம். "அப்படியா" சொன்ன ஆள் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

பெட்டியைப் பிரித்த கணவன் என்ன சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கை தானாக யானையைக் கவிழ்த்துப் பார்த்தது.

"நல்லா இருக்கா?"

"காது ஆசிய யானைக் காது. முதுகும் அதேதான். ஆனா துதிக்கை நுனியில ரெண்டு விரல் வெச்சிருக்கான். பின்னங்கால்ல நகம் மூணு. ரெண்டும் ஆப்பிரிக்க யானைக்குத்தான்."

"அப்போ இது எந்த யானை?"

"இப்படி ஒரு யானை உலகத்துலயே இல்லை."

நர்ஸம்மா சண்டை போடவில்லை. உலகத்தில் இல்லாத அந்த யானையை எடுத்துப்போய் ஃபிரிட்ஜின்மேல் வைத்துவிட்டுச் சாதம் வடிக்கப் போனார். அன்றிலிருந்து பேச்சு தகவல் அளவில் நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டது. குழாய் சொட்டுகிறது. உங்களுக்கு போன். "அப்படியா" மட்டும் இல்லை. இரண்டாம் நாள் கண்ணாடிக்காரர் எறும்புதின்னிக்குப் பல்லே கிடையாது என்றார்; அந்த வாக்கியம் மேசையில் விழுந்து, ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்பைத் திரும்ப எடுத்தார். நர்ஸம்மா தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார். பத்தாம் நாள் அவர் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டின்போது தான் மெல்லும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். அது நன்றாக இல்லை.

அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கிற்று. நூற்றுச் சொச்சம் விலங்கும் இருக்கிறது; அவற்றைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இருக்கிறது; கேட்க ஆள் இல்லையென்றால் அது வெறும் அலமாரி. வீட்டில் குறைந்தது ஒரே ஒரு வார்த்தைதான். அதைக் கடையில் வாங்க முடியாது.

சமாதானம் பேச மைத்துனர் வந்தார். நர்ஸம்மாவின் தம்பி, எலக்ட்ரீஷியன், எதையும் சுற்றி வளைக்காமல் இணைக்கிறவர்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிடும் மாமா?"

"இல்லாத நகத்தை இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"அக்கா நகத்தைப் பத்தியா கேட்டாங்க?"

அடுத்த முறை அக்கா எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு நல்லா இருக்கு என்று சொல்லிவிடும்படி மைத்துனர் யோசனை சொல்லிவிட்டுப் போனார். கண் பார்த்துப் பிழைக்கிறவருக்குக் கண்ணை மூடச் சொல்லி ஒரு யோசனை! ஆனாலும் அவர் மனத்துக்குள் சத்தியமே செய்துகொண்டார். அடுத்த முறை என்று ஒன்று இருந்தால்.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த காலை. கண்ணாடிக்காரர் குளித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தார். முந்தின நாள் துடைத்த அலமாரியின் கதவு கையகலம் திறந்திருந்தது. மூன்றாம் தட்டில், புள்ளிமானுக்குப் பக்கத்தில், மரத்தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவர் அதை வாங்கவில்லை. அப்படியானால் வாங்கியது யார்? இருபது நாள் கழித்து, எந்த ஆரவாரமும் இல்லாமல், ஒரு சொல்லும் சொல்லாமல், கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

நெகிழ்ச்சி சரியாக அரை நிமிஷம் நீடித்தது. அதற்குள் கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. புது உருவத்தை முதலில் தொடாமல் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் அளவு. என்ன அநியாயம் இது? மானின் தோளை எட்டிப் பார்க்கும் தவளை. முதுகில் ஏறினால் மான் ஒடிந்துவிடும். இருபதில் ஒரு பங்கென்றால் தவளை பச்சரிசி அளவல்லவா இருக்க வேண்டும்? அடுத்தது வார்னிஷ், அள்ளிப் பூசியிருக்கிறான், சொட்டச் சொட்ட மினுங்குகிறது. இடது விலாவின் பழுப்பும் வலது விலாவின் பழுப்பும் ஒரே டப்பாவில் குழைத்ததல்ல. இடது பின்னங்கால் வலதைவிட உள்ளே மடிந்திருக்கிறது, அச்சில் கோளாறு. வாய்க்கோட்டை ஒரு நூல் அதிகமாக இழுத்துவிட்டதில் அது சிரிப்பதுபோல் இருக்கிறது. கண்ணில் தங்கப் பொடி வேறு தூவியிருக்கிறான், யார் நம்புவார்கள்? மொத்தம் ஏழு குறை. ஏழையும் ஒவ்வொன்றாக விழுங்கினார். மாத்திரை விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சமையலறைக்குப் போனார். நர்ஸம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

"எது?"

"எல்லாமே. ஒரு குறையும் இல்லை."

நர்ஸம்மா கத்தியைக் கீழே வைத்தார். எழுந்துவந்து, புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தார். சூடு இல்லை.

"தவளையைச் சொல்றேன்" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "அசல் தவளை மாதிரியே இருக்கு."

அவர் வாழ்நாளில் மனமறிந்து சொன்ன முதல் பொய் அதுதான்.

எந்தத் தவளை என்று கேட்டபடி நர்ஸம்மா முன்னறைக்கு நடந்தார். இவர் பின்னால் போய், பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினார். தவளை கண்களை ஒரு தரம் உள்ளே இழுத்து வெளியே விட்டது. பிறகு, நீட்டிய கையைக் கிளை என்று எடுத்துக்கொண்டு தாவியது.

அதற்கு முன்காலில் விரல் நான்கு, பின்காலில் ஐந்து என்பதெல்லாம் தெரிந்தவர் அப்போது எழுப்பிய ஒலி எந்த விலங்கு நூலிலும் பதிவாகவில்லை. அடுத்த கணம் அவர் விருந்தாளி நாற்காலியின்மேல் நின்றார். தவளை தரையில் இருந்தது. நர்ஸம்மா ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் செருகி, ஊசி போடும் நேரத்தில் வேலையை முடித்து, கொல்லைக் குழாயடிச் செடியில் அதை விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தார். கண்ணாடிக்காரர் இன்னும் இறங்கவில்லை.

"நான் வாங்கி வெச்சேன்னு நினைச்சீங்களா?"

தலையாட்டினார்.

"அதான் குறையே இல்லைன்னு வந்து சொன்னீங்க."

துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"நிஜத்துல எத்தனை?"

மைத்துனரின் யோசனை நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிப் பார்த்தார். மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை, நாற்காலி ஆடியது.

"ஏழு."

"சொல்லுங்க."

சொன்னார். அளவிலிருந்து ஆரம்பித்தார். நர்ஸம்மா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வார்னிஷ் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கப் பொடி வந்தபோது உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்து ஓய்ந்த பிறகு, வார்டில் கணக்கெடுக்கும் குரலில் சொன்னார்:

"கடவுள் பண்ணினதுல ஏழு. நான் வாங்கினதுல ரெண்டுதான்."

கண்ணாடிக்காரர் நாற்காலியின்மேல் நின்றபடியே யோசித்தார். இப்படி ஒரு கோணத்தில் யானையை அவர் பார்த்திருக்கவில்லை. ஆனால் இரண்டு அல்ல. மூன்று. மூன்றாவது வாலில் இருக்கிறது. கல்யாண நாளன்றே பார்த்திருந்தார், சொல்லும் முன் யானை ஃபிரிட்ஜின்மேல் ஏறிவிட்டது. இப்போது அது நாக்கு நுனிக்கு வந்தது. உதடுகூட அசைந்தது.

"ரெண்டுதானே?" என்றார் நர்ஸம்மா.

"ரெண்டுதான்."

"இறங்குங்க. அது கண்ணை உள்ளே இழுத்துச்சே, எதுக்கு?"

தவளை இரையை விழுங்கும்போது கண்ணாலும் உள்ளே தள்ளும் என்று இறங்கிக்கொண்டே ஆரம்பித்தார். அன்றைக்குச் சமையல் முடிய மணி மூன்றாயிற்று. வால் சங்கதியை அவர் இன்றுவரை வெளியிடவில்லை. அந்த இனத்தில் ஒருவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய காதல் காரியம் அது என்று தாராளமாகச் சொல்லலாம்.

நம் வீட்டில் அலமாரி இல்லை, நாம் அந்த ஜாதி இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். இருங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். தவளையில் ஏழு குறை என்றோமே, அதைப் படித்தபோது விரல்விட்டு எண்ணினீர்களா? ஆறுதான் வந்ததா? அப்படியென்றால் முன்னறையில் டிவி இருக்கும் இடத்தை இப்போதே அளந்து வைத்துவிடுங்கள்.