இருநூற்றுப் பதினாலு டிசைன்கள்

மீன் டிசைனில் அளவு எழுதியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் விழுந்திருப்பதைப் பார்த்ததும் ரெக்கார்டு ரூம்காரர் பஞ்சிங் மிஷினைக் கீழே வைத்தார்.

முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர் அவர். ஃபைலில் சேராத காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவர் மனைவியோ பத்திரிகைகளில் வரும் ஒட்டுத்துணிப் போர்வை டிசைன்களை வெட்டிச் சேர்ப்பவள். வைக்கும் இடம்தான் கண்றாவி. மெத்தைக்கு அடியில் கொஞ்சம், காலி மாவு டப்பாவுக்குள் கொஞ்சம், பழைய கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் கொஞ்சம்.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாசமாக இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். கை வைக்காதே என்றால் அடுக்கி வைக்காதே என்றா அர்த்தம்? இவருக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் ஒரு நீள நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் 'சேகரித்தவர்' என்று மனைவியின் பெயரையும், 'அடுக்கியவர்' என்று தன் பெயரையும் எழுதி, வீட்டு முகவரியும் போட்டார். ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் பென்சிலால் குறித்திருந்த பத்திரிகையின் பெயர், மாதம், பக்கம் என்று ஒன்றுவிடாமல் இருநூற்றுப் பதினாலையும் பதிந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பஞ்சிங் மிஷினை எடுத்தார். ஓரம்வரை அச்சடித்த காகிதங்கள், ஓட்டை போட ஏது இடம்? அளவெல்லாம் பொத்தலாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் பண்ணினாள்.

"ஏங்க, பொண்ணு அந்த மீன் டிசைன்தான் வேணும்கிறா. குழந்தைக்கு முதல் போர்வை அதுதானாம். வியாழக்கிழமை வந்ததும் துணி வெட்டிடப் போறேன்."

"தாராளமா வெட்டு."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தொண்டை கட்டியிருக்கு."

"என் காகிதத்துல கை வைக்கலையே?"

"நான் எதுக்கு வைக்கிறேன்?"

போனை வைத்ததும் வேலையில் இறங்கினார். ஒவ்வொரு காகிதத்தையும் கெட்டி அட்டையில் ஒட்டிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும், போன அளவைப் பேனாவால் எழுதிவிடலாம். எல்லாவற்றையும் ஒட்டி முடித்துப் பெருமையோடு பார்த்தபோதுதான் மீனின் வாலுக்குக் கீழே இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. 'தைக்கும் முறை மறுபக்கம்.'

மறுபக்கம் அட்டையோடு அட்டையாக இருந்தது.

பசை ஊறினால் கழன்றுவிடும் என்று பெரிய டப்பில் தண்ணீர் பிடித்தார். ஒவ்வொன்றாக ஊறவைத்தால் வியாழக்கிழமை வந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டார். அரை மணி கழித்து அட்டைகள் அப்படியே இருந்தன. காகிதம்தான் கூழாகிக் கையோடு வந்தது.

அவர் டப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வார். பேசாமல் இருந்துவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

அப்புறம்தான் நோட்டு ஞாபகம் வந்தது. மனைவி மத்தியானம்தோறும் போய்ப் படிக்கும் நூலகத்தில் பழைய பத்திரிகைகளை வருஷவாரியாக பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்களாம். நோட்டைப் பார்த்து அதே பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துவிட்டால் ஜோலி முடிந்தது. புதன்கிழமை நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றார்.

நூலகத்துப் பெண் நோட்டைப் புரட்டினாள்.

"பத்திரிகை, மாசம், பக்கம் எல்லாம் இருக்கே. பிரமாதமா எழுதியிருக்கீங்க சார்."

"முப்பது வருஷ அனுபவம்மா" என்றார், அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அவள் முதல் தொகுப்பைக் கொண்டுவந்து பிரித்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சதுரமாக ஒரு ஜன்னல். அதன் வழியாக அடுத்த தாளின் சோப்பு விளம்பரம் தெரிந்தது. இரண்டாவது தொகுப்பிலும் ஜன்னல். மீன் இருக்க வேண்டிய மூன்றாவதிலும் அதே கதை.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலைம்மா இது?"

"அதுதான் தெரியல சார். ஆறு வருஷமா நடக்குது. பிளேடால நறுவிசா வெட்டிடுறாங்க."

"நறுவிசு என்ன நறுவிசு? பொதுச்சொத்தும்மா இது. எங்க ரெக்கார்டு ரூம்ல ஒரு தாள் காணாமப் போயிருந்தா எனக்குச் சோறு இறங்கியிருக்காது. நீங்க ஏன் போலீசுக்குப் போகல?"

"வர்றவங்க எல்லாரும் வாயால திட்டிட்டுப் போயிடுறாங்க. எழுத்துல யாரும் புகார் குடுக்கல சார்."

"ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."

நின்ற வாக்கிலேயே எழுதினார். மூன்று நாளில் முதல் தடவையாக மனசு லேசானது. திட்டுவதற்குத் தன்னைத் தவிர இன்னொரு ஆள் கிடைத்ததில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. குற்றவாளி ஆணோ பெண்ணோ, சிறியவரோ பெரியவரோ, யாருக்கு வேண்டியவராக இருந்தாலும் சரி, தயவு தாட்சண்யம் பார்க்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்து, தேதி போட்டு, கையெழுத்தை இழுத்துப் போட்டார்.

நூலகத்துப் பெண் புகாரை ஒரு தடவை படித்தாள். நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடியும் புகாரைப் படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். குற்றவாளி பேருக்கு மட்டும் இடம் காலியா விட்டிருக்கீங்க. நோட்டுல 'சேகரித்தவர்'னு ஒரு பேரு எழுதியிருக்கீங்களே, அதையே போட்டுக்கட்டுமா?"