என்னைத் தொட்டால் அடிக்கிறது

அன்புள்ள மச்சானுக்கு, வாயால் சொல்வது நான். கையால் எழுதுவது கீழ் வீட்டுத் தையல்காரர். பிழை இருந்தால் அவரைத் திட்டு, பொய் இருந்தால் என்னைத் திட்டு. உன் நலம் விசாரிக்கும் முன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

பெரிய பாலம் இடிந்ததும், சர்க்கஸ் கூடாரம் எரிந்ததும், உன் அக்காவை எனக்குக் கட்டிவைத்ததும் நடந்ததே, மூன்று விபத்தும் ஒரே வருஷத்தில், அந்த வருஷம்தான் நாம் நூல் ஆலையில் சேர்ந்தோம். தோல் பட்டை சக்கரத்தில் நாள் முழுக்க உரசி ஓடும்; கிட்டே கை நீட்டினால் ரோமம் எழுந்து நிற்கும். நீ, நான், மேஸ்திரி, ஃபிட்டர், எண்ணெய் போடுகிறவன், ஐந்து பேரும் கைகோர்த்து நிற்போம். ஒரு முனையில் ஃபிட்டர் பட்டைக்கு விரலைக் காட்டுவான், மறுமுனையில் எண்ணெய் போடுகிறவன் இரும்புத் தூணைத் தொடுவான், சுளீரென்று எல்லாருக்கும் ஷாக் அடிக்கும்! கையை விட்டவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். யார் வாங்கினது என்று உனக்கே தெரியும்.

அந்தச் சனியன் இப்போது மகன் வீட்டுக்கே என்னைத் தேடி வந்துவிட்டது. குளிருகிறதே என்று மருமகள் கம்பளிக் காலுறை வாங்கித் தந்தாள். வீடு முழுக்க நைலான் விரிப்பு. நானோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறவன். பேத்தி கன்னத்தைக் கிள்ளப் போனேன், பட்டென்று பொறி, குழந்தை வீறிட்டாள். பூனைக்கு மூக்கில் விழுந்தது, அலமாரி மேல் ஏறியது இன்னும் இறங்கவில்லை. மகனிடம் மாத்திரைக்குக் கை நீட்டினால், "அப்பா, அங்கயே நில்லுங்க!"

"ஏன்டா?"

"காலுறையும் விரிப்பும் உரசி உரசி உங்க உடம்புல கரண்ட் சேருதுப்பா. தொட்டா எங்க மேல பாயுது."

மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கிப் போகிறான். "தாத்தா வர்றாரு, ஓடு!" என்கிறாள் பேத்தி. ஒரு கை என்மேல் பட்டு வெகு நாளாச்சு. உன் அக்கா இருந்திருந்தால் அடியையும் வாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே தொட்டிருப்பாள்.

இதற்காகக் கிளம்பி வந்துவிடாதே, உன் முட்டி வலி எனக்குத் தெரியும். நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். உன் வீட்டில் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம், எட்ட நின்றே.

பின்குறிப்பு: தையல்காரர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறார், "காலுறையக் கழட்டிட்டாச் சரியாப் போயிடுமே, பெரியவரே?" தெரியும். ஒருநாள் கழற்றியும் பார்த்தேன். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. அப்போதும் யாரும் தொடவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டேன். அதனால் வராதே என்று மேலே சொன்னதை அடித்துவிட்டுக் கிளம்பி வா. மேஸ்திரி போனார், ஃபிட்டர் போனான், எண்ணெய் போடுகிறவன் போன மழைக்குப் போனான். அந்த வரிசையில் எப்போதும் முதல் ஆளாகக் கையை விட்ட நீ ஒருத்தன்தான்டா மிச்சம்.