வலது பக்கம் மட்டும் பார்த்து வாங்கிய துப்பாக்கி

வெல்பி, தெற்கு டகோட்டா
செப்டம்பர் 27

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் ஆல்டன் நிகார்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கை மார்லிஸைக் கட்டிக்கொண்ட பாக்கியத்தைத் தவிர வேறு பெருமை இல்லாத செல்மர் பிரெக்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மார்லிஸும் நாயும் நலம். அங்கே தாங்களும், தங்கள் முழங்காலும், தங்கள் உருளைக்கிழங்குப் பாத்திகளும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நமக்குள் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகப் போகிறது. காரணம் தங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும். நன்றி நாள் விருந்தில் தங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்து, "கட்டை இரண்டாந்தர மரம்" என்று நான் சொன்னேன். தாங்கள் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "செல்மரு, உனக்குத் தரைப்பலகை தெரியும். துப்பாக்கிக் கட்டை தெரியாது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். மார்லிஸ் கடைசியாகச் சிரித்து முடித்தாள். நான் பூசணிப் பணியாரத்தைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு அக்டோபர் வந்து போயிற்று. ஃபெசன்ட் காட்டுக்கோழி வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமைக்குத் தாங்கள் வரவில்லை. முப்பத்தோரு வருடம் ஒரே மக்காச்சோளக் காட்டில் சேர்ந்து நடந்த மனிதர் வரவில்லை என்றால் கோபம் பெரிது என்று புரிந்துகொண்டேன். எனக்கும் கோபம் இருந்தபடியால் வசதியாகவே இருந்தது.

ஆனால் மச்சான், நாற்பது வருடம் மர ஆலையில் பலகைக்குத் தரம் போட்டவன் நான். அந்த வார்த்தை உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இவர் கண்ணை விரிக்கிற மாதிரி ஒரு துப்பாக்கி வாங்கிக் காட்டுகிறேன் பார் என்று போன மார்ச்சில் முடிவு செய்தேன். நம் பக்கத்தில் அப்படிப்பட்டது கிடைக்காது, நூலகத்துக் கணினியில் தேடினேன். மெய்ன் மாநிலத்தில் திருமதி திபோ என்ற அம்மா, இறந்துபோன கணவரின் பழைய பெல்ஜியத் துப்பாக்கியை விற்பனைக்குப் போட்டிருந்தார். ஒரே ஒரு படம். ஜன்னல் ஓரம், ஒட்டுப்போர்வை மேலே, வலது பக்கம் தெரியப் படுக்க வைத்து எடுத்தது. அந்த வால்நட் கட்டையை என்னவென்று சொல்வேன்! தேன் நிறம், அதில் கறுப்பு ரேகைகள் அடுப்பிலிருந்து கிளம்புகிற புகை மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. கை பற்றுகிற மெல்லிய கழுத்தில் இழை நெடுக்கே ஓடாமல் குறுக்கே சுழன்று திரும்பியது. அதைப் பார்த்து "ஆஹா, நடனம்" என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாற்காலிக் காலில் இழை அப்படிக் குறுக்கே போயிருந்தால், "உட்கார்ந்தால் முறியும்" என்று விறகுக் குவியலில் எறிந்திருப்பேன். துப்பாக்கியில் பார்த்தபோது நடனம்.

இடது பக்கமும் பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது. இன்னொரு படம் கேட்டு எழுதினேன். அந்த அம்மா பதில் அனுப்பினார்; நூலகத்து பெவ்தான் திறந்து அச்சடித்துக் கொடுத்தாள். ஒரு தாள் வந்தது, ஏதோ சொல்லி முணுமுணுத்துவிட்டு இன்னொரு தாள் அடித்தாள். நான் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை, இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். ஒன்றில் குழல் வலப்பக்கம் பார்க்கிறது, மற்றதில் இடப்பக்கம். அதாவது இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது! சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரேகைக்கு ரேகை, வளைவுக்கு வளைவு, வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கை மாதிரி ஒன்றுபோல் இருக்கின்றன. இப்படி ஒரு மரத்தை நாற்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால் சந்தேகம் வர வேண்டும் அல்லவா? எனக்குப் பெருமைதான் வந்தது. இரும்பில் வெட்டியிருந்த எழுத்து ஒரு தாளில் படிக்க முடிந்தது, மற்றதில் முடியவில்லை. பெல்ஜியத்தில் இரண்டு மூன்று மொழி உண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன், அதில் ஒன்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே அந்த அம்மாவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன்: இரு பக்கமும் இறக்கை போலப் பொருந்திய மரம் ஆயிரத்தில் ஒன்றுதான், தங்கள் கணவர் ரசிகர், நான் தொழில் தெரிந்தவன், என் சொல்லை நம்பலாம்.

துப்பாக்கி நம் ஊர் டுவெய்ன் கடைக்கு வந்து சேர்ந்தது. வெளி மாநிலத்துத் துப்பாக்கி உரிமம் உள்ள கடை வழியாகத்தானே வர முடியும். நான் பத்து நாள் முன்பிருந்தே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், தினமும் காலையில் அங்கே காப்பி குடிக்கக் கூடுகிற காப்பிக்காரர்கள் ஆறு பேரும் ஆணிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். டுவெய்ன் பெட்டியைத் திறந்தான். வலது பக்கம் மேலே. ஆறு பேரும் எழுந்து கிட்டே வந்தார்கள், மச்சான். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். டுவெய்ன் மட்டும் மோந்து பார்த்தான்.

"யோவ் செல்மரு, நீ வாங்கினது துப்பாக்கியா, சாலடா? எண்ணெய் வாசனை அடிக்குதே."

படம் பளபளக்க அந்த அம்மா சமையல் எண்ணெயைத் தடவியிருக்கிறார். அது போகட்டும். "திருப்புடா, இந்தப் பக்கமும் இதே மாதிரி இருக்கும், பாரு" என்றேன். திருப்பினான்.

இடது பக்கம் முட்டைப் பெட்டி அடிக்கிற மரம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ரேகை என்று ஒன்று கிடையாது. நடுவில் மேல்கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு முடிச்சு. கழுத்தில், நான் நடனம் என்று சொன்ன இடத்துக்கு நேர் பின்னால், குறுக்கே ஒரு பழைய வெடிப்பு. அதை இரண்டு பித்தளைத் திருகு போட்டு இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள்.

டுவெய்ன் அந்தத் திருகை நகத்தால் தட்டிப் பார்த்தான். "இந்தப் பக்கம் வேற துப்பாக்கியாடா?"

நான் சட்டைப் பையிலிருந்து அந்த இரண்டு தாளையும் எடுத்து மேஜையில் போட்டேன். அவன் ஒன்றைத் தூக்கி, புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்தான். புரியாத பெல்ஜிய மொழி அப்படியே படிக்கிற எழுத்தாக மாறியது. "ஒரே படம்யா இது. கண்ணாடில தெரியற மாதிரி இடவலம் மாறி அச்சாயிருக்கு. சர்ச் பனியன்ல இஸ்திரி போட்டு ஒட்டற படத்துக்கு பெவ் அப்படித்தான் அடிப்பா, மறுபடி மாத்தி வைக்க மறந்திருப்பா." பிறகு விசாரித்தால், அந்த அம்மா இரண்டாவது முறையும் அதே படத்தைத்தான் அனுப்பியிருக்கிறார். முதல் தாள் இடவலம் மாறி வந்துவிட்டது என்றுதான் பெவ் இன்னொன்று அடித்தாளாம். அதைத்தான் முணுமுணுத்திருக்கிறாள்.

எங்கள் ஆலையில் முதல் நாளே சொல்லித்தருவது என்ன தெரியுமா? பலகையைப் புரட்டு, எந்த முகம் மோசமோ அந்த முகத்துக்குத்தான் தரம். நாற்பது வருடம் ஒரு நாளைக்கு ஆயிரம் பலகை புரட்டிய கை இது. இந்த ஒன்றைப் புரட்டவில்லை. காப்பிக்காரர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை என்று கேள்வி.

மூன்று நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று விற்பனை விதி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் திருமதி திபோவுக்குப் போன் போட்டேன். கடுமையாகப் பேச வேண்டும் என்று நின்றுகொண்டே பேசினேன்.

"அம்மா, நான் செல்மர் பிரெக்கி. துப்பாக்கி வந்திருச்சு. அதோட இடது பக்கம் பத்திப் பேசணும்."

"அடடே, நீங்களா தம்பி!" அறுபத்தெட்டு வயதில் என்னைத் தம்பி என்றார். "அந்தப் பக்கத்தப் பத்தி நீங்க எழுதினத என் அக்காவுக்குப் போன்ல ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன். எங்க வீட்டுக்காரரு ஆர்மன் அத எப்பவும் இடது பக்கம் சுவத்தப் பாத்து மாட்டி வைப்பாரு. அம்பது வருஷம், ஒருநாளும் நான் திருப்பிப் பாத்ததில்ல. கை நடுக்கம், படம் எடுக்கக்கூடத் திருப்ப முடியல."

"கழுத்துல ஒரு வெடிப்பு..."

"ஆமா, பனியில வழுக்கி அது மேலயே விழுந்தாரு. என் சமையக்கட்டு மேஜையிலதான் ஒட்டினாரு. அந்தப் பசை வாசனையில நாலு நாள் நான் சமைக்கல. எண்பத்தோரு வயசு வரைக்கும் அதாலதான் சுட்டாரு. தம்பி, ஒண்ணு கேக்கணும். மனுஷன் எங்கிட்ட அழகா ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா இறக்கை மாதிரி ஒரு மரத்த சுவத்துப் பக்கம் மறைச்சு வச்சிருந்திருக்காரு பாருங்க. அது நெசமாவே அவ்வளவு அழகா?"

மச்சான், தங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவரிடம் சொன்னேன். "ஆயிரத்துல ஒண்ணுதாம்மா" என்றேன். தொழில் தெரிந்தவன், என் சொல்லை நம்பலாம் என்று எழுதிக் கொடுத்தவன் வேறு என்ன சொல்வது? அந்த அம்மா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அடுப்படியில் மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க, திருப்பி அனுப்பப் போறேன்னு சொல்லத்தானே கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"அப்ப அந்த முடிச்சு நம்ம வீட்டுலதான் இருக்கப் போவுதா?"

"இருக்கட்டும் விடு."

அவள் சிரிக்கவில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஏரிக்கரைக்கு எடுத்துப்போய் இருபது மண்தட்டு எறிந்து சுட்டேன். நான்கு தட்டு உடைந்தது. கழுத்து உடையவில்லை. ஆர்மன் பள்ளிக்கூடத்தில் தச்சு படித்தாரோ என்னவோ, என்னைவிட மரம் தெரிந்தவர். தாங்களும் என்னைவிட மரம் தெரிந்தவர். எனக்குத் தரைப்பலகை தெரியும், அதுவும் தரையில் கிடந்தால். தங்கள் துப்பாக்கியின் கட்டை முதல்தரம். அன்றைக்கே எனக்குத் தெரியும், பொறாமையில் மாற்றிச் சொன்னேன். மன்னித்து இந்த அக்டோபரில் வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமைக்கு வந்து சேருங்கள். வந்து வேண்டிய மட்டும் சிரியுங்கள். ஆண்டவர் தங்களுக்குக் காற்றடிக்காத காலையும் காய்ந்த காலுறையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன தங்கை கணவன்,
செல்மர் பிரெக்கி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் மார்லிஸ் வாங்கிப் படித்துவிட்டாள். தாங்கள் கோபமே படவில்லையாம். தரைப்பலகை பற்றிச் சொன்னது தங்களுக்கு நினைவுகூட இல்லையாம். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, பறவையும் தெரியாமல், நாயும் தெரியாமல், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் வரவில்லையாம். அவளிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு அத்தனையும் தேவையில்லை, அதைத் தங்களால் படிக்கவும் முடியாது. அவளே போனில் படித்துக் காட்டப் போகிறாள், அவள் சிரித்த வரியை மட்டும் விட்டுவிடுவாள். மச்சான், தங்கள் ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டபடியால் என்னுடையதையும் வைத்துக்கொள்ளுங்கள், இது மார்லிஸுக்கும் இப்போதுதான் தெரியும்: போன வருடத்திலிருந்து காட்டில் ஃபெசன்ட் சேவல் சடசடவென்று எழும்பிப் பறக்கிற சத்தம் எனக்குக் கேட்பதில்லை. தாங்கள் துப்பாக்கி இல்லாமல் என் பக்கத்தில் நடந்து வாருங்கள், போதும். சத்தம் வந்ததும் என் தோளில் ஒரு தட்டு தட்டுங்கள். எந்தப் பக்கம் பறக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.