மகளைப் படிக்க வைத்த என் போன் நம்பர்

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை போட்டவன் நான். கடைக்குப் பின்னால் வீடு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்த மண்மேட்டுக்கு அணை கட்டினேன் (நிற்காது என்றார் இன்ஜினியர். அணை நிற்கிறது; அவர்தான் இப்போது என் கடைப் பக்கம் நிற்பதில்லை). லொறி ஒன்று, முச்சக்கர வண்டி இரண்டு. யாரிடமும் யோசனை கேட்டது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்து வருவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இளைய மகள் தர்ஷினி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கண்டியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வுகூடப் படிப்பு படிக்கவேண்டும் என்றாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பலகை வைத்தார்கள். சாமான் வாங்கும்போது போன் நம்பரைச் சொன்னால் பொயின்ட் விழும். சேர்ந்த பொயின்ட்டைப் பிள்ளையின் கல்லூரி பெயருக்குக் காசோலையாகத் தருவார்கள். பலகையில் தமிழும் இருந்தது. நானே படித்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் நாலு பேர் தின்று எத்தனை பொயின்ட் சேரும்? ஆனால் சொந்தக்காரர்கள் நாற்பது பேர், அந்தக் கடைக்கோ ஊருக்கு ஊர் கிளை. ஒரு காதுகுத்து வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, நான் மட்டும் நின்றுகொண்டு உரையாற்றினேன்.

"கவுண்டர்ல நம்பர் கேட்டா என் நம்பரச் சொல்லுங்க. அப்புறம் பொயின்ட்டப் பத்தி அந்தப் பிள்ள எது கேட்டாலும் ஆமான்னு தலையாட்டுங்க. வெளக்கம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

என் மனைவி சரோஜா பின்னாலிருந்து, "என்னங்க, ரெண்டாவதா ஒண்ணு கேப்பாங்க, அதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றேன். (வீட்டுச் சாமான் வாங்குவது அவள். நான் அந்தக் கவுண்டர் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் பயிற்சி கொடுத்தது நான்.)

அதற்குப் பிறகு என் போன் 'டிங்' என்று அடிக்க ஆரம்பித்தது. காலையில் டிங், சீமெந்து இறக்கும்போது டிங், குளிக்கும்போது டிங். ஒவ்வொரு டிங்குக்கும் கல்லாவை விட்டு எழுந்து ஒரு நடை நடப்பேன். வாடிக்கையாளர் ஆணி கேட்டால் திருகாணியைக் கொடுப்பேன். "ஒரு டிங் ஒரு பாடம். சேந்த பொயின்ட்டுல பிள்ள இப்ப ரெண்டாம் வருசம் வந்துட்டா" என்பேன். செய்தி எல்லாம் ஆங்கிலம். மகளிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஆகிவிடும் (அவளுக்கு அது மூன்று வயதிலேயே தெரியும்). அந்த டிங்குகள் தந்த தைரியத்தில், படிப்புக்கென்று வைத்திருந்த காசைக் கடையின் மேல்மாடித் தட்டுக்குக் கொங்கிறீட்டாகக் கொட்டினேன்.

கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் வந்தது. மாலை நாலு மணிக்கு மேல் கட்ட முடியாது; இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். காலையிலேயே கோட்டு போட்டுக்கொண்டு, மனைவி, மகளோடு, பக்கத்து ஸ்டூடியோ நிஸாம் நானாவையும் கமராவோடு கூட்டிக்கொண்டு கண்டிக் கிளைக்குப் போனேன். காசோலை வாங்கும்போது படம் வேண்டாமா?

கவுண்டரில் ஒரு சிங்களப் பிள்ளை. நம்பரைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள்.

"அங்கிள், நாப்பத்தொரு பொயின்ட்தான் இருக்கு."

"நாப்பத்தோராயிரம்னு சொல்லு மக."

"இல்ல அங்கிள். நாப்பத்தொண்ணு. மத்ததெல்லாம் சாமானுக்குக் கழிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கே." கொஞ்சம் யோசித்துவிட்டு இரக்கத்தோடு சொன்னாள்: "இதுக்குக் குளிக்கிற சவர்க்காரம் ஒண்ணு எடுக்கலாம்."

ரெண்டாவது கேள்வி 'பொயின்ட்டைக் கழிக்கவா?' என்பதுதான். நாற்பது பேரும் நான் சொன்னபடியே தலையாட்டியிருக்கிறார்கள்.

சவர்க்காரம் எப்படி என் கைக்கு வந்தது என்று ஞாபகமில்லை. நிஸாம் நானாவின் குரல் மட்டும் கேட்டது: "மொதலாளி, கொஞ்சம் ஒசத்திப் புடிங்க. சவர்க்காரத்துப் பேர் தெரியல."

வெளியே வந்து மடுல்கெல்லவிலிருக்கும் மனைவியின் தம்பி ராசுவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ரோட்டில் போன பஸ்ஸே வேகத்தைக் குறைத்தது.

"என்னா மச்சான் இப்பிடிப் பேசுறீங்க? நீங்கதானே தலையாட்டச் சொன்னீங்க! ஏதோ மனுசன் தர்மம் பண்றாருன்னு நெனச்சோம். ரைஸ் குக்கர் எடுத்த அன்னைக்கு ஒங்க பேருல அர்ச்சனகூட பண்ணினோம்."

"எனக்கு அர்ச்சன இல்லடா, திதி குடுத்திருக்கணும்!"

சரோஜா கையிலிருந்த வளையலைக் கழற்றத் திருக ஆரம்பித்தாள். என் வாழ்நாளில் அவள் நகையை அடகு வைத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பார்க்க முடியாமல் நடைபாதையில் மேலும் கீழும் நடந்தேன். தர்ஷினி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நான் தர்ஷினி. நாலு மணிக்குள்ள கட்டலன்னா என் எடம் போயிரும்." அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று மணிக்குக் கல்லூரி வாசலில் வந்து இறங்கினார்கள். தெல்தெனியவிலிருந்து என் தங்கச்சி பாக்கியம், ராசு சொல்லிக் கேட்டு, கைக்குட்டையில் முடிந்த காசோடு. ராசு, தோட்டத்தில் எல்லோரிடமும் வாங்கிய காசோடும் ஒரு கையில் ரைஸ் குக்கரோடும். "இதயும் எடுத்துக்குவாங்களான்னு கேப்போம் மச்சான். ஆறு தடவதான் பொங்கினது."

வாசல் காவலாளி குக்கரை உள்ளே விடவில்லை. "யாராவது வெளிய வச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் பணம் சரியாகிவிட்டது. பற்றுச்சீட்டு எழுதுகிறவர், "கட்டியவர் பெயர்?" என்றாராம். ராசு தன் பெயரைச் சொன்னான். பாக்கியம் தன் பெயரைச் சொன்னாள். வளையலை அடகு வைத்திருந்த சரோஜாவும் சொன்னாள். மூன்றையும் நெருக்கி எழுதிக் கொடுத்துவிட்டார்.

தர்ஷினி படித்து முடித்து இப்போது கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாண வீடுகளில் ராசு அவளை அழைத்துவந்து, "நாங்க சோறு பொங்கிப் படிக்க வச்ச பிள்ள" என்று அறிமுகப்படுத்துகிறான். சபை சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். பற்றுச்சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று படிக்கிறேன். மூன்று பெயர். என் பெயர் இல்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. என் நம்பர் இல்லாமல் அவர்களுக்குப் பொயின்ட் ஏது? பொயின்ட் இல்லாமல் குக்கர் ஏது? குக்கர் எடுத்த வெட்கம் இல்லாமல் அன்றைக்கு அந்தக் காசு வந்திருக்குமா? மூன்று பெயருக்கும் கீழே இன்னும் ஒரு விரல்கடை இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். ராசு அந்தச் சட்டத்தைக் கழற்றி, அங்கே என் பெயரையும் எழுதவேண்டும். முழுப் பெயராக. கொட்டை எழுத்தில்.