இருநூற்றுப் பதினேழாம் புதிரும் இல்லாத மந்திரியும்

லாண்டரிக் கடையின் மாடிப்படி, கட்டிய நாளிலிருந்து அவ்வளவு கூட்டத்தைத் தாங்கியதில்லை. கீழே சலவை இயந்திரம் படுக்கை விரிப்புகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. மேலே சதுரங்கக் கழகத்தில் ஒரு மனிதர் மூளைகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். படிக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு சிவப்புப் புத்தகம், முகத்தில் அப்படியொரு பரவசம்.

"எனக்கு நூத்தி அஞ்சாவது புதிருக்கு விடை சொல்லிட்டாரு! கண்ணை இறுக்கிக் கட்டிக்கிட்டு!"

"எனக்கு முந்நூத்தி நாப்பது! பின்னாடி விடைப் பக்கத்துல பார்த்தேன், ஒரு எழுத்து மாறலை!"

"அவரு மனுஷனே இல்லைங்க!"

கடைசியாகச் சொன்னவர் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அந்த மகானுக்குப் பெயர் அறுபத்துநான்கார். பலகையில் உள்ள அறுபத்து நான்கு கட்டமும் தமக்குள்ளே குடியிருப்பதாக அவரே சொன்னார். வாடகை ஒழுங்காக வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அங்கி. கண்ணில் கறுப்புத் துணிக்கட்டு. மடியில் ஒரு மரப்பெட்டி. அதன் மூடி எப்போதும் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். பிரபஞ்சத்திலிருந்து ஞான அலை வந்து விழுகிற பெட்டியாம் அது. எட்டிப் பார்த்தால் பார்த்தவரின் ஆட்டம் படுத்துவிடும் என்பதால், ஆட்டம் ஏற்கெனவே படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

புதிதாக ஆட வருகிறவனை இவரால் ஏமாற்ற முடியாது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பெரிய ஆட்டக்காரர் இந்தப் பக்கமே வரமாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒருத்தன் இருக்கிறானே, நான்கு பயிற்சிப் புத்தகம் வாங்கி, நான்கிலும் முதல் முப்பது பக்கத்தை மட்டும் அழுக்காக்கி, புதிரை அரை நிமிடம் முறைத்துவிட்டுப் பின்பக்க விடையைப் பார்த்து, "அட, இதைத்தானே நானும் நினைச்சேன்" என்று தலையாட்டுகிறவன், அவன்தான் அறுபத்துநான்காருக்கு அல்வா மாதிரி. கழகத்தில் முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். முப்பத்தேழு பேர் அல்வா.

மிச்சம் இருந்த ஒருவர் லிஃப்ட் மெக்கானிக்.

அவர் தவறிப் பிறந்த ஓர் அதிசயப் பிறவி. விடைப் பக்கத்தையே பார்க்காதவர். பார்த்துவிடுவோமோ என்று பயந்து, புத்தகத்தின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். லிஃப்ட் பழுதாகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் புதிர்தான். பதினொரு மாதத்தில் இருநூற்றுப் பதினாறு புதிர்களைத் தம் சொந்த மண்டையால் முட்டித் திறந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். இருநூற்றுப் பதினேழில் வண்டி நின்றுவிட்டது. 'வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்' என்று போட்டிருந்தது. நாற்பத்து மூன்று நாள் பார்த்தார். வெள்ளை வெல்வதாக இல்லை.

இதைப் போய்க் கழகச் செயலாளரான பல் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் வேறு யாருமில்லை, மெக்கானிக்கின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"எது, இருநூத்திப் பதினேழா? அதை நான் ரெண்டே நிமிஷத்துல போட்டேன் மாப்ளே!"

லாண்டரிக்காரர் இஸ்திரி போட்டபடியே போட்டாராம். மற்றவர்களை விசாரித்தால் ஒருவர் பல் தேய்க்கும்போது போட்டிருந்தார். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. தம் தலைக்குள் மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை வெறும் கிரீஸ்தானா என்ற சந்தேகமே வந்துவிட்டது அந்த நல்ல மனிதருக்கு.

அந்த நேரம் பார்த்து டாக்டர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கழகத்தோடு போட்டி. அறுபத்துநான்காரிடம் அருள் வாங்கியவர்களுக்கு மட்டுமே அணியில் இடம். அருள் வாங்குவது எப்படி? உங்கள் புத்தகத்தை அவரிடம் நிரந்தரமாக ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு அவர் அரக்கு முத்திரை வைத்த ஒரு பொட்டலம் தருவார். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தொண்ணூறு நாள் தூங்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் ஞானம் ஆவியாகிவிடும். புதிதாய்ப் புத்தகம் வேண்டுமென்றால் அவரிடமே விலைக்குக் கிடைக்கும். நன்கொடை உங்கள் மனசைப் பொறுத்தது. மனசு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பதினொரு வருடம் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மெக்கானிக்குக்கு அணியில் ஐந்தாவது பலகை முதல்முறையாகக் கிடைத்திருந்தது. அது வேண்டுமென்றால் இருநூற்றுப் பதினாறு டிக் போட்ட புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் பிள்ளையைத் தடவுவதுபோல அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். சீட்டில் ஒரு பெயர், டப்பாவில் ஒரு பெயர் என்றால் டாக்டர் கையெழுத்தே இருந்தாலும் கொடுக்கமாட்டார். சதுரங்கத்தில் காய்கள் எப்படி நகரும் என்பது தெரியும். அதற்கு மேல் அவருக்கு அக்கறையில்லை.

"என்னங்க, யாராவது செத்துட்டாங்களா?"

"என் மூளைதான். நாளைக்கு இதைக் குடுத்துடப் போறேன். அவராவது இருநூத்திப் பதினேழைச் சொல்லட்டும். அதோட இந்த ஆட்டத்தைத் தலைமுழுகிடலாம்னு இருக்கேன்."

"விடைதான் பின்னாடியே இருக்கே?"

"ஐயையோ, அதைத் தொடாதே!"

தொட்டுவிட்டார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். மெக்கானிக் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லாதே, சொல்லாதே!" என்று கத்தினார். மனைவி சீட்டையும் டப்பாவையும் ஒத்துப் பார்ப்பதுபோல விடையில் ஒரு விரலும் புதிரின் படத்தில் ஒரு விரலும் வைத்து, முன்னும் பின்னுமாய் மூன்று முறை புரட்டினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "எங்க அண்ணன் இதை எவ்வளவு நேரத்துல போட்டாரு?" என்றார்.

"ரெண்டு நிமிஷம்."

மறுபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா விடையைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு நானும் வரேன். ஒரே ஒரு வேலை செய்யுங்க. அவரு விடை சொன்னதும் எல்லாரும் விடைப் பக்கத்தைத்தானே பார்க்கிறாங்க? நீங்க பலகையில பாருங்க. அவ்வளவுதான்."

சனிக்கிழமை மாலை மாடியில் மூச்சு விட இடமில்லை. போட்டிக்கு முன் மறுபடி அருள் ஏற்றிக்கொள்வதற்காக எல்லோரும் பொட்டலத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். முன்வரிசையில் பல் டாக்டர் கழுத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் வாங்கிய பொட்டலத்தின் மேல் தொண்ணூறு நாள் தூங்கியதில் கழுத்து பிடித்துவிட்டது. அது ஞானம் இறங்குகிற வலி என்று அறுபத்துநான்கார் விளக்கம் கொடுத்திருந்தார்.

மெக்கானிக் புத்தகத்தை நீட்டினார்.

"எண்ணைச் சொல், மகனே. எண்ணைச் சொன்னால்தான் அலை வழி தெரிந்து வரும்."

"இருநூத்திப் பதினேழுங்க."

கூட்டத்தில் அங்கங்கே ஒரு இளக்காரச் சிரிப்பு. இதுகூடவா தெரியாது!

"ஒரு நிமிஷம்," என்றார் மனைவி. "படத்துல இருக்கிற மாதிரியே பெரிய பலகையில காயை அடுக்கட்டுமே. எல்லாரும் கண் குளிரப் பார்க்கலாம்."

பல் டாக்டருக்குத் தங்கையின் திடீர் பக்தியைப் பார்த்துப் புல்லரித்தது. தாமே எழுந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். அறுபத்துநான்கார் பெட்டிக்கு மேல் குனிந்தார். உடம்பை ஆட்டினார். உறுமினார். பெட்டிக்குள் ஏதோ சரசரத்தது. அலைக்குத் தாள் மாதிரி சரசரக்கும் குணம் உண்டு போலிருக்கிறது.

"வந்துவிட்டது! மந்திரி எச் ஏழில் உள்ள சிப்பாயை வெட்டு! செக்!"

"சரியான விடை! சரியான விடை!" முப்பது கைகள் முப்பது புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டின. ஒரு எழுத்து மாறவில்லை. கைதட்டலில் கீழே லாண்டரியின் ஹாங்கர்கள் ஆடியிருக்கும்.

மெக்கானிக் மட்டும் விடைப் பக்கத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை; நாற்பத்து மூன்று நாளாய் அந்தப் படம் அவர் கண்ணுக்குள்ளேதான் இருந்தது. ராஜா, ராணி, ஒரு யானை, ஒரு குதிரை, ஆறு சிப்பாய்.

"மந்திரியா? வெள்ளைக்கு மந்திரியே இல்லையே!"

கைதட்டல் பாதியில் நின்றது. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். சிலர் குனிந்து மேசைக்கு அடியில்கூடப் பார்த்தார்கள்.

"டாக்டர் அடுக்கும்போது விட்டிருப்பாரு..."

"படத்துலயே இல்லைப்பா! அச்சுல விட்டுப்போச்சு!" என்று ஒருவர் அலறினார்.

"அண்ணா," என்றார் மனைவி, தேன் ஒழுகும் குரலில். "நீங்க இதை ரெண்டு நிமிஷத்துல போட்டீங்களாமே. எந்த மந்திரியை வச்சுப் போட்டீங்க?"

பல் டாக்டர் வாயைத் திறந்தார். அவ்வளவு அகலமாகத் தம் நோயாளிகளைத்தான் திறக்கச் சொல்வார். இஸ்திரி போட்டபடி போட்டவர் கூரையைப் பார்த்தார். பல் தேய்த்தபடி போட்டவர் கடைசி வரிசைக்கு நழுவினார்.

அறுபத்துநான்கார் லேசில் விடுகிற ஆளா? இரண்டு கையையும் உயர்த்தினார்.

"மூடர்களே! அது அரூப மந்திரி! கண் உள்ளவனுக்குத் தெரியாது, நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் தெரியும்!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், கூட்டத்தில் நாலு பேர் தலையை ஆட்டினார்கள். "ஆமா, லேசாத் தெரியுது," என்றார் லாண்டரிக்காரர். "பளிச்சுன்னு இல்லை, மங்கலா."

"எனக்கும் தெரியுதுங்க," என்றார் மனைவி. "கூடவே கறுப்புக்கு ஒரு அரூப யானையும் தெரியுது. இப்பத்தான் வந்து உங்க அரூப மந்திரியை வெட்டிட்டுப் போச்சு. அடுத்து என்ன ஆடப் போறீங்க?"

மாடி குலுங்கியது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே மனைவி முன்னால் போய், "டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் எதையும் வாங்குறதும் இல்லை, குடுக்கிறதும் இல்லை," என்று சொல்லிப் பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

உள்ளே சிவப்புப் புத்தகத்தின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள். எண் வாரியாகப் புரட்டுவதற்கு வசதியாக ஓரத்தில் சீட்டு வேறு ஒட்டியிருந்தது. மெக்கானிக் அந்தக் கறுப்புத் துணியை வாங்கித் தம் கண்ணில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மூக்கின் இரு பக்கமும் இருந்த இடைவெளியில் மடி வரைக்கும் ஜம்மென்று தெரிந்தது. கண்ணாமூச்சி ஆடிய எந்தக் குழந்தைக்கும் தெரிந்த வித்தை. முப்பத்தேழு பெரிய மனிதர்களுக்குத்தான் தெரியவில்லை.

பல் டாக்டர் தம் பொட்டலத்தை வெறிகொண்டு பிய்த்தார். உள்ளே இருந்தது ஒரு பழைய ரயில் கால அட்டவணை.

"மூணு மாசமா இது மேலயா படுத்திருந்தேன்!" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

எல்லோரும் அவரவர் பொட்டலத்தைப் பிய்க்கிற சந்தடியில் மகான் பின்படி வழியாக இறங்கினார். கீழே காயப்போட்டிருந்த ஈரப் படுக்கை விரிப்புகளில் புகுந்து சுற்றிக்கொண்டு, அங்கும் இங்கும் தடவித் தடவித் தெரு வாசலைத் தேடினார். இந்த முறை நிஜமாகவே கண் தெரியாமல்! தோற்றுப்போன ராஜாவைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல் நாலு பேர் அவரை விரிப்போடு சேர்த்துத் தூக்கிவந்து, வாங்கிய நன்கொடையையெல்லாம் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் விரிப்பை அவிழ்க்கவில்லை.

அந்த அமளியில் மெக்கானிக் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். படத்தில் டி மூன்றாம் கட்டத்தில் பென்சிலால் ஒரு மந்திரி வரைந்தார். வெட்டு, செக், ராஜா எடுக்கிறான், குதிரை பாய்கிறது, ராணி வருகிறாள். நாலு நிமிடத்தில் முடிந்தது. டிக் போட்டார். தம் தலைக்குள் இருப்பது கிரீஸ் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் கண் மறுபடி கலங்கியது. மனைவி பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பலகையில் அவர் ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். இல்லை, நாலரை மணி நேரம் யோசித்து யோசித்து டிரா செய்தார். மற்றவர்கள் தோற்றார்கள்.

திங்கள்கிழமை சாயந்தரம் லாண்டரிக் கடை மாடிப்படியில் மறுபடியும் வரிசை. படிக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு சிவப்புப் புத்தகம். முதலில் நின்றவர் பல் டாக்டர்.

"மாப்ளே," என்றார் குரலைத் தாழ்த்தி. "அவ்வளவு பெரிய ஆளையே கவுத்துட்டீங்களே, உங்ககிட்ட ஏதோ சக்தி இருக்கு. ஒரே ஒரு தடவை இதைத் தொட்டுக் குடுத்துடுங்க."

மெக்கானிக் அவரை ஒரு பார்வை பார்த்தார். புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பன்னிரண்டு பக்கங்களைச் சர்ரென்று கிழித்துத் தம் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். மிச்சப் புத்தகத்தையும் ஒரு துண்டுப் பென்சிலையும் டாக்டர் கையில் வைத்தார்.

"இந்தாங்க மச்சான், அருள் ஏத்தியாச்சு. இனிமே இதைத் தலைக்கு அடியில வைக்காதீங்க. தலையை இதுக்கு மேல கவிழ்த்து வைங்க, கண்ணைத் திறந்துக்கிட்டு."

வரிசையில் இருந்த பாதிப் பேர் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டார்கள். யோசிக்கச் சொன்னால் இந்த உலகத்தில் எந்த வரிசையும் அவ்வளவுதான் நிற்கும். நீங்கள் எந்தப் பாதி?