சைரன் அண்ணாத்தே போட்டுக்கொண்ட ஊசி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மருத்துவமனையில் துணி மடிக்கிற உனக்குப் பத்திரிகையில் எழுத என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை; பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சைரன் அண்ணாத்தேயைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆகவேண்டும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடும் அத்தனை ஆம்புலன்சும் சேர்ந்தாலும் அவர் தொண்டைக்கு ஈடாகாது. எங்கள் மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். வாயாலேயே சைரன் ஊதுவார். நோயாளி இருந்தாலும் ஊதுவார், வெறும் ஸ்ட்ரெச்சர் என்றாலும் ஊதுவார், டீ வாங்கி வரும்போதும் ஊதுவார். பெரிய டாக்டரே சுவரோரம் ஒதுங்குவார்.

கொரோனா தடுப்பூசி வந்தபோது ஊழியர்களில் முதலில் போட்டுக்கொண்டவள் நான். "வலிச்சுதா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மாத்திரையைக் கையில் வைத்து, "அடுத்த ஆள்" என்றார்கள். அடுத்த ஆள் இல்லை. சைரன் அண்ணாத்தே மாட்டேன் என்றுவிட்டார்.

"இட்லி மாவே ராத்திரி பூரா புளிக்கணும் நைனா. இத்த அவசரத்துல அரைச்சுட்டானுங்க."

அவ்வளவுதான். "அண்ணாத்தே போட்டாதான் நாங்க" என்று மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். நான் போட்டதைப் பார்த்து ஒரு பல்லிகூட வரவில்லை. அவரைத் தாஜா செய்யத் தலைமை நர்ஸ் கேசரி கிண்டி வந்தார். பெரிய டாக்டர் தோளில் கை போட்டுப் பேசினார். போட்டுக்கொண்டவளுக்கு மாத்திரை, மாட்டேன் என்றவருக்குக் கேசரி!

போதாததற்கு அண்ணாத்தே தினமும் என் துணி அறை ஜன்னலில் வந்து நின்று கிண்டல் வேறு.

"தங்கச்சி, கைய தூக்கு. ம்ம். மூணும் மூணும் எவ்ளோ?"

"ஆறு. போங்கண்ணே, வேலை கெடக்குது!"

கடைசியில் நிர்வாகம் சொல்லிவிட்டது: ஊசி போடாதவர்கள் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரவேண்டாம். சனிக்கிழமை எல்லார் முன்பும் பெரிய டாக்டர் அவரைக் கேட்டார். "என்னப்பா, போட்டுக்கறியா, வீட்டுக்குப் போறியா?"

அண்ணாத்தே தலையைச் சொறிந்தார்.

"பயமாத்தான் கீது சார். ஊட்ல நாலு வாயி கீது. ஆனா துணி ரூம் தங்கச்சிய தினம் பாத்துகினு கீறேன். கை நல்லா தூக்குது. கணக்கு கரீட்டா சொல்லுது. முன்னவிட நல்லா திட்டுது. அது கைய புடிச்சிகினு போட்டுக்கறேன்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுதான் முதல் முறை.

ஊசி இறங்கியதும் என் விரல்களை நசுக்கிக்கொண்டு முழுத் தொண்டையில் சைரன் ஊதினார். வராந்தாவில் நின்றவர்கள் பழக்கதோஷத்தில் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒதுங்கிய வரிசையே ஊசிக்கு வரிசையாகிவிட்டது.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. வராந்தா சத்தமில்லாமல் கிடந்தது. மதியம் போன் செய்து, மூணும் மூணும் எவ்வளவு என்று கேட்டேன்.