குமாஸ்தாவுக்கு எவ்வளவு தீனி?

சேலம், செவ்வாய்ப்பேட்டை,
யுவ வருஷம், கார்த்திகை மாதம் 12-ந் தேதி.

மகாராஜராஜஸ்ரீ பரமத்தி வேலூர் செங்கோடக் கவுண்டர் மாமா அவர்கள் சமூகத்துக்கு, மாப்பிள்ளை குமாரசாமி அநேக வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் சுகமும், அத்தை அவர்கள் சுகமும், வெற்றிலைக் கொடிக்கால் சுகமும், தாங்கள் புதிதாகப் பிடித்த மயிலைக் காளைகள் இரண்டின் சுகமும் அறிய ஆவல். இங்கே தங்கள் மகள் பூவாத்தாள் பரம சுகம். நான் சுகமா என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லாமல் தாங்களே கண்ணாடி போட்டு வாசிக்க வேண்டும். விஷயம் குடும்ப விஷயம். அதிலும் வயிற்று விஷயம்.

மாமா, கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். தாங்கள் பெண் கொடுத்தது குமாஸ்தாவுக்கா, காளைமாட்டுக்கா? ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் ஆபீஸ் மாடிப்படி ஏறியதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டில் வந்து சொன்னேன். மறுநாளே தங்கள் மகள் என்னைக் கடைவீதி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் என்றால் பெரிய டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். எல்.எம்.பி. படித்துவிட்டு ஒரு மருந்து அலமாரியும் இரண்டு பெஞ்சும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையாண்டான். மீசை வைப்பதா எடுப்பதா என்றுகூட அவனுக்கு இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. அவன் என்னைப் பார்த்து, "நாள் முழுக்க உங்கள் உடம்புக்கு என்ன வேலை?" என்றான். "சர்க்கார் உத்தியோகம்" என்றேன். "உத்தியோகம் சரி, உடம்புக்கு?" என்றான். உடம்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா ஆபீசுக்குப் போகிறேன்? "உழைப்பிலே மூன்று தரம்: சொற்பம், மத்திமம், கடினம். நீங்கள் எதில் சேர்த்தி?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "கடினம்" என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, மாமா. அந்நிய ஆண்பிள்ளை எதிரே பல் தெரியச் சிரித்தறியாத பெண் என்று தாங்கள் சொல்லிக் கட்டிக்கொடுத்த பெண்ணின் சிரிப்பு அது. அந்தப் பயல் உடனே "சொற்பம்" என்று எழுதிக்கொண்டு, சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தால் மூச்சு தானாகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

சொற்பமாம், சொற்பம்! தாங்களே நியாயம் சொல்லுங்கள். காலையில் ஜட்காவில் ஏறுகிறேன். குதிரைதானே நடக்கிறது என்பார்கள் விவரம் தெரியாதவர்கள். குதிரை நடக்கிறது, சரி, குலுங்குவது யார்? ஆபீசில் போய் உட்கார்ந்தால் (உட்கார்ந்தால் என்றுதான் எல்லோரும் வாய் கூசாமல் சொல்கிறார்கள்) பேனாவைத் தோய்த்து, உதறி, எழுதி, மறுபடி தோய்த்து, மறுபடி உதறி. தாங்கள் கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறீர்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சால் பெரிசு, பேனா சிறிசு, அவ்வளவுதானே! மேஜைக்கு அடியில் வலது கால் ஆடாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. சாயங்காலத்துக்குள் அந்தக் கால் நாமக்கல் போய்ச் சேர்ந்திருக்கும், உடம்புதான் கூடப் போகவில்லை. மாதையன் என்று எங்கள் ஆபீஸ் சேவகன் ஒருவன் இருக்கிறான். ஒரு காகிதக் கட்டை எடுத்துவா என்று சொல்ல அவனை அடிவயிற்றிலிருந்து கூப்பிட வேண்டும். ஒரு கூப்பாட்டுக்கு அவன் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆபீசர் வந்தால் எழுந்திருக்கிறேன், போனால் உட்காருகிறேன். அவர் மறதிக்காரர், போனவர் கைத்தடிக்காகத் திரும்பி வருவார், மறுபடி எழுந்திருக்கிறேன். இதற்கெல்லாம் மேலே பயம் என்று ஒன்று இருக்கிறது. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது உழைப்பில்லையா? தங்கள் காளை யாருக்காவது பயப்படுகிறதா?

இதையெல்லாம் தங்கள் மகளிடம் எடுத்துச் சொன்னேன். கேட்டால்தானே? "எங்கப்பன் கட்டுத்தரையில ஒரு மொறை உண்டுங்க. ஏர் ஓடுற மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். சும்மா நிக்கற மாட்டுக்கு வெறும் சோளத்தட்டு. நிக்கற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வெச்சா, ஊதிப்போயி, ஏர் பூட்டற அன்னிக்குப் படுத்துக்கும்" என்றாள்.

"நான் என்ன, சும்மா நிற்கிறேனா?" என்று கேட்டேன்.

"நிக்கறதுகூட இல்லீங்களே" என்றாள்.

அன்றைக்கு உறியில் ஏறிய நெய்க்கிண்ணம் இன்னும் இறங்கவில்லை. மூன்று முறை போட்டுச் சாப்பிட்ட சோறு ஒரு கரண்டி ஆயிற்று. தயிர் மோராயிற்று, மோரிலும் மோர் குறைந்தது. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிச் சொல்லிக் காலையில் கொள்ளு ரசம், மத்தியானம் கொள்ளுப் பருப்பு, ராத்திரி கொள்ளுத் துவையல். இப்படியே போனால் இன்னும் கொஞ்ச நாளில் ஜட்காவை நானே இழுத்துக்கொண்டு போவேன், குதிரை உள்ளே உட்கார்ந்து வரும். சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருவன் பக்கத்து வீட்டில் வடை சுடுகிற வாசனையை மூக்கால் குடித்துக்கொண்டு வாசலில் நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று மாட்டோடும் மண்ணோடும் இருக்கிற தங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

இந்த நிலைமையில்தான் போன வாரம் தங்கள் குமாரன் சின்னண்ணன் வெற்றிலைக் கட்டோடு சேலத்துச் சந்தைக்கு வந்து இங்கே தங்கினான். அக்காளும் தம்பியும் சமையலறையில் பேசிக்கொண்டது கூடத்தில் எனக்குக் கேட்டது. "நீ போயி ஒரு நாள் பூராப் பாத்துப்போட்டு வா, சின்னண்ணா. மாமா நெசமாலுமே பாடுபடறாருன்னா நாளைக்கே நெய்யை ஊத்திச் சோத்தைக் கொட்டறேன். எனக்கென்ன, கட்டுன புருசனுக்கு வஞ்சனையா பண்ணப்போறேன்?" என்றாள் இவள். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். தங்கள் வம்சத்தில் சோளம் தூற்றத் தெரிந்தவர்கள் உண்டு, வேவு பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மறுநாள் சின்னண்ணன் தலையில் சிவப்பு உருமாலைக் கட்டிக்கொண்டு, மடி நிறையக் கடலைக்காயை வைத்துக்கொண்டு, ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்று, என் ஜன்னலையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி வேவு பார்த்தால் எருமைகூட ஜாக்கிரதையாகிவிடும். பார்க்கட்டும், நன்றாகவே பார்க்கட்டும் என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

எழுந்தது தப்பு, மாமா. நேரே ரிக்கார்டு அறைக்குப் போய் ஒரு காகிதக் கட்டைக் கையில் எடுத்தேன். எங்கிருந்தோ மாதையன் ஓடி வந்தான். கூப்பிட்டால் வராத கடன்காரன், கூப்பிடாதபோது வந்தான். "ஏனுங்க சாமி, நான் இன்னும் உசுரோடதானுங்களே இருக்கறேன்? என்ர வேலையை நீங்க எடுத்துக்கிட்டா என்ர பொண்டாட்டி புள்ளைங்க எங்கீங்க போறது?" என்று கட்டின் மறுமுனையைப் பிடித்தான். நான் இழுக்க, அவன் இழுக்க, நாடா அறுந்து காகிதமெல்லாம் அறை பூராவும் பறந்தது. ஒன்றிரண்டு அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. இதுவும் நல்லதற்குத்தான் என்று ஏணியைச் சாத்தி மளமளவென்று ஏறினேன். ஏறி, அலமாரி மேல் கால் வைத்து, காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் ஏணியைக் காணோம். "ஏணி எடுக்கறது என்ர வேலைங்க, சாமி. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று மாதையன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான்! மாதையா மாதையா என்று கத்துகிறேன், திரும்பினால்தானே? ஒட்டடையும் பல்லியும் நானுமாகக் குந்தியிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து ஆபீசர் உள்ளே வருகிறார். எழுந்து நிற்க வேண்டுமே, நின்றேன், உத்தரம் மண்டையில் இடித்தது.

"யாரது, குமாரசாமியா? அங்கே என்னங்காணும் செய்கிறீர்?" என்றார். "வேலை, சார்" என்றேன். "இந்த வயசிலே சேவகனைக் கூப்பிடாமல் நீரே ஏறினீரா?" என்றார். எதிரே புளியமரத்தடிக்கும் கேட்கட்டும் என்று தொண்டையை உயர்த்திச் சொன்னேன்: "உட்கார்ந்த வேலை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, சார்! நடக்கணும், ஏறணும், இறங்கணும். சும்மா உட்கார்ந்தால் என் உடம்புக்கு ஆகவே ஆகாது, சார்!" ஆபீசர் அசந்துபோனார். "இந்த ஆபீசிலே இப்படியும் ஒருத்தரா! இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போச்சே" என்று சொல்லி, வெளியே போய், "குமாரசாமி மேலே வேலையாக இருக்கிறார், ஒருவரும் தொந்தரவு செய்யக் கூடாது" என்று மாதையனுக்கு உத்தரவும் போட்டுவிட்டார். உத்தரவை மாதையன் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினான். ஆபீஸ் மூடுகிற மணி அடிக்கிறவரைக்கும் ஏணி வரவில்லை. இதுவா மாமா சொற்பம்?

வீட்டுக்குத் தலையெல்லாம் ஒட்டடையோடு, நெற்றியில் வீக்கத்தோடு, நெய்ச்சோற்றை நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் சின்னண்ணன் சாட்சி சொல்லி முடித்திருந்தான். என்ன சாட்சி தெரியுமா? "நாற்காலி இருந்துச்சுக்கா, மாமா இல்ல. காலையில சித்த நேரம் உக்காந்திருந்தாரு, எந்திரிச்சுப் போனவருதான். நானும் கடலைக்காயைத் தின்னுபோட்டு, ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சு, பொழுது சாயற வரைக்கும் பாத்தேன். வெறும் நாற்காலிதான் கெடந்துச்சு." அந்தப் புளியமரத்தடியிலிருந்து என் நாற்காலி மட்டும்தான் தெரியுமாம்! தலையை நீட்டி உள்ளே பார்ப்போம் என்று அந்த உருமாலைக்குள் தோன்றவில்லை. தங்கள் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உக்காந்துக்கற வேலைதானேன்னு இருந்தேன். அதுகூடப் பாக்கறதில்லீங்களா? சம்பளம் குடுக்கறவங்க பாவமில்லீங்களா?" என்றாள். "நான் அலமாரி மேலே இருந்தேன்" என்றேன். "அலமாரி மேலயா? அங்க உங்களுக்கு என்னங்க வேலை?" என்றாள். அன்று ராத்திரி அந்த ஒரு கரண்டிச் சோறும் போய், வெறும் கொள்ளு ரசம் மட்டும் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாமா. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பசிக்கிறது.

ஆகையால் தாங்கள் உடனே தங்கள் மகளுக்கு, தங்கள் கைப்படவே எழுத வேண்டியது: மாப்பிள்ளை ஏர் மாட்டிலும் ஏர் மாடு, கடின உழைப்பாளி, சோற்றையும் நெய்யையும் அளக்காமல் போடு என்று. தங்கள் சொல்லைத் தவிர அவள் யார் சொல்லையும் மதிப்பதில்லை. டாக்டர் சொல்லை மதித்தது அது எனக்கு விரோதமாக இருந்ததால்தான். என் உழைப்புக்கு எங்கள் ஆபீசரே சாட்சி. அவர் அன்று முதல் என்னைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கிறது. பெரிதாக ஏதோ நல்லது வரப்போகிறது.

அத்தை அவர்களுக்கு என் வணக்கம். சின்னண்ணனுக்கு ஆசீர்வாதம் என்று எழுதக் கை வரவில்லை. புத்தி உண்டாகட்டும் என்று எழுதுகிறேன். தங்கள் கொடிக்கால் தழைத்து, மயிலைக் காளைகள் கொழுத்து, தங்கள் மகளின் மனசும் கொஞ்சம் இளகி, எல்லோரும் வயிறார உண்டு வாழ வேண்டுமென்று பழனியாண்டவனை வேண்டும்,

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
குமாரசாமி.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் நம்ப வேண்டாம். தபாலில் சேர்ப்பதற்குள் மாதையன் உத்தரவோடு வீட்டுக்கே வந்துவிட்டான். கூப்பிடாமலே வந்தான், சிரித்துக்கொண்டே வந்தான். உட்கார்ந்த வேலை ஒத்துக்கொள்ளாத குமாரசாமியை ஆபீசர் மெச்சி, திங்கட்கிழமை முதல் கொல்லிமலைமேல் சர்க்கீட்டு போட்டிருக்கிறார். ஊர் ஊராக ஏறி இறங்கிச் சாவடியும் கிணறும் பார்த்து எழுத வேண்டுமாம், மாசி பிறக்கும் வரைக்கும். வண்டி போகாது, குதிரை போகாது, காலால்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் போனவரை மலைக்காய்ச்சலோடு டோலியில் இறக்கினார்கள். தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் முதல் மோட்டாரில் ஏறி வந்து, ஆபீசரைப் பார்த்து, என் மாப்பிள்ளைக்கு உழைப்பு சொற்பம், மகா சொற்பம், நாற்காலியை விட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். வேண்டுமானால் அந்த டாக்டர் தம்பியையும் கூட்டிப் போகலாம். அவர் மிகவும் கெட்டிக்காரர். சின்னண்ணனும் வரட்டும், வெறும் நாற்காலியைப் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டாம். பூவாத்தாள் உத்தரவைக் கேட்டு, "நெசமாலுமே மலையேறிப் பாடுபடப் போறீங்களா, சாமி?" என்று கண் கலங்கிப் போனாள். இப்போது என் எதிரே தலைவாழை இலை போட்டு, சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து உருக்கின நெய்யை ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். ஒரு வாய் எடுத்து வைத்தேன், மாமா, இறங்கமாட்டேன் என்கிறது.